படத்தில் விழுந்த வரவேற்புரை

தலைமையாசிரியருக்கு ஆசிரியர் அறையில் வைத்திருந்த பெயர் 'முன்னுரை'. அவருடைய முடிவுரை வரை தாக்குப்பிடித்தவர் எவரும் இல்லாததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தீ விபத்துப் பயிற்சியன்று, மணி அடித்ததும் எல்லோரும் வெளியே ஓட வேண்டிய நேரத்தில், வாசலை மறித்து நின்றுகொண்டு தீயின் வரலாற்றைப் பேச ஆரம்பித்த மனிதர். உண்மையிலேயே தீப்பிடித்திருந்தால் அதுவும் கால்மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் பற்றியிருக்கும்.

அவருக்கும் இயற்பியல் டீச்சருக்கும் நடுவே ஓர் அறை இருந்தது. மொட்டைமாடிப் படிக்கட்டு முடியும் இடத்தில், எட்டுக்குப் பத்தடி. ஒரு சன்னல், கால் ஆடும் மேசை, மேசைமேல் ஒரு ரேடியோ. அமெச்சூர் ரேடியோக்காரர்கள், அதாவது சம்பளம் வாங்காமல் காற்றோடு பேசிக்கொண்டிருப்பவர்கள், தங்களுக்கென்று சின்னச் சின்னச் செயற்கைக்கோள்களைப் பறக்கவிட்டிருக்கிறார்கள். அவற்றின் குரலை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிடித்துக் காட்டுவதற்குத்தான் டீச்சர் அந்த அறையை வைத்திருந்தார். காற்றைப் பிடிக்கிற வகுப்பு என்று கணக்கு சார் கிண்டல் செய்வார். செய்யட்டும். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்து போகாத ஒரே வகுப்பு அந்தப் பள்ளியில் அதுதான்.

முன்னுரைக்கு அந்த அறை வேண்டும். பிரமுகர்களோடு கைகுலுக்கி எடுத்துக்கொண்ட படங்கள் நாற்பத்தொன்று, சட்டம் போட்டு, சுவரில் இடம் போதாமல் பீரோவுக்குப் பின்னால் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. 'பயன்பாட்டில் இல்லாத அறை' என்று கோப்பில் எழுதி மேலே அனுப்பிவிட்டார். கல்வி அதிகாரி அம்மையார் வியாழக்கிழமை நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதாகப் பதில் வந்தது. அன்றைக்கு டீச்சர் அறையின் பயனைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் சாவியை நீட்ட வேண்டும்.

வியாழக்கிழமை காலை பத்து பன்னிரண்டுக்கு ஒரு செயற்கைக்கோள் பள்ளிக்கு மேலே வருவதாக டீச்சர் கணக்குப் பார்த்து வைத்திருந்தார். பத்து நிமிடம் தங்கும். எங்கோ ஒரு பள்ளிப் பிள்ளைகள் வரைந்த படங்களை ஒலியாக்கி அனுப்பும். கீச்சுக் கீச்சென்று வரும் அந்த ஒலியைக் கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே கோடு கோடாகப் படத்தைத் திரும்ப வரையும். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம். பிறகு இரண்டு நிமிடம் ஓய்வு. பிறகு அடுத்த படம்.

இதையெல்லாம் முன்னுரை கண்ணை மூடிக் கேட்டார்.

"பத்து மணிக்கு என்னோட வரவேற்புரை இருக்கே டீச்சர். அதைப் பதினொண்ணரைக்கு வரச் சொல்லுங்க."

"சொன்னா கேக்காது சார்."

"யாரோட கட்டுப்பாட்டுல இருக்கு அது?"

"பூமியோட கட்டுப்பாட்டுல சார்."

பூமிக்கு மேலிடத்தில் யாரைத் தெரியும் என்று அவர் யோசித்ததுபோல் இருந்தது. கடைசியில் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. ரேடியோவையும் கம்ப்யூட்டரையும் ஒரு ஒயரில் இணைத்து ஓசையில்லாமல் படம் பிடிப்பதுதான் டீச்சரின் வழக்கம். அது கூடாது, விண்வெளியின் குரல் அரங்கத்து ஒலிபெருக்கியில் முழங்க வேண்டும், கம்ப்யூட்டர் எல்லோரோடும் சேர்ந்து அதைக் கேட்கட்டும் என்றார். அப்படியானால் அரங்கில் யாரும் மூச்சுவிடக்கூடாது சார் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். பிள்ளைகளைப் பற்றி டீச்சருக்குக் கவலையே இல்லை.

ஆன்டெனா பிடிக்க வந்தது டீச்சரின் கணவர். தரைக்கு டைல்ஸ் பதிப்பது அவர் தொழில். அவர் மத்தியானம் கண்ணயர்ந்திருந்த நேரத்தில் அவருடைய இரும்பு அளவு டேப் இரண்டை வெட்டித்தான் டீச்சர் அந்த ஆன்டெனாவைச் செய்திருந்தார்.

"ஒரு வீட்டுக் குளியலறையைச் சாண் போட்டு அளந்துட்டு வந்திருக்கேன். உன் படம் மட்டும் வரலேன்னா, இதைப் பிரிச்சு ஒட்டவச்சுக் குடுக்கணும், ஆமா" என்று சொல்லிவிட்டு, அரங்கின் சன்னலுக்கு வெளியே போய், கழி முனையில் மீன்முள் போல் கட்டியிருந்த ஆன்டெனாவை ஏந்திக்கொண்டு நின்றார்.

அதிகாரி அம்மையார் பத்து மணிக்கே வந்துவிட்டார். வாரத்துக்கு ஆறு பள்ளி, ஆறு வரவேற்புரை என்று பார்த்துப் பழகியவர். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கும் வித்தை கைவந்திருந்தது. முன்னுரை பத்து ஐந்துக்கு எழுந்தார். பத்து பன்னிரண்டுக்கு, ஆதிமனிதன் முதன்முதலாக வானத்தை அண்ணாந்து பார்த்த கட்டத்துக்கு வந்திருந்தார்.

சன்னலுக்கு வெளியே டைல்ஸ்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். ஒலிபெருக்கியில் இரைச்சல் கிளம்பி, அதற்குள்ளிருந்து கீச்சுக் குரல் பிரிந்து வந்தது. டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். இருநூறு பிள்ளைகளும் கப்சிப். முன்னுரை மட்டும், விண்வெளி தம் உரைக்குப் பின்னணி இசை வாசிப்பதாக எடுத்துக்கொண்டு, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

திரையில் மேலிருந்து கோடுகள் இறங்கின. நீல வானம் என்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கீறல்கள். பிறகு திடீரென்று, தெள்ளத் தெளிவாக, ஒரு பூனையின் இரண்டு காதுகள். டீச்சருக்கு உயிர் வந்தது. அடுத்த கோட்டிலேயே கண்களைக் காணோம். மூக்கு இருந்த இடத்தில் ஆதிமனிதன், மீசை இருந்த இடத்தில் மனிதகுலத்தின் வளர்ச்சி. வால் நுனி மட்டும் தப்பித்தது. படம் முடிந்து கீச்சொலி நின்றதும், அறை போனது போனதுதான் என்று டீச்சரின் கை தானாகவே சாவி இருந்த பையைத் தொட்டது.

அதிகாரி விழித்துக்கொண்டு திரைக்கு அருகே வந்தார். "என்ன டீச்சர், பூனை மேல மழை பெய்யுது?"

விண்வெளிக் கோளாறு என்று சொல்லிவிடலாம். தலைமையாசிரியரோடு பகை வராது. அறையும் வராது. டீச்சர் திரையைக் காட்டினார்.

"மழை இல்ல மேடம். சாரோட பேச்சு. கம்ப்யூட்டருக்குச் செயற்கைக்கோள் எது, தலைமையாசிரியர் எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. காதுல விழுறதையெல்லாம் வரைஞ்சிடும்."

அதிகாரி திரையின் மேல்பக்கத்தில் விரல் வைத்தார்.

"காது ரெண்டும் நல்லா வந்திருக்கே?"

"அப்ப சார் தண்ணி குடிச்சார் மேடம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, பூனையை வாலிலிருந்து காதுவரை படித்தார். எத்தனையோ வருடங்களாகத் தாம் பட்ட பாட்டை யாரோ படம் பிடித்துக் காட்டியதுபோல் அவர் முகம் இளகியது. அடுத்த படத்துக்கு எவ்வளவு நேரம் அமைதி வேண்டும் என்று கேட்டார். இரண்டு நிமிடம் என்றார் டீச்சர். அதிகாரி மேடைப்பக்கம் திரும்பினார்.

"சார், கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்களேன்."

கீச்சொலி மறுபடி கிளம்பியது. திரையை யாரும் பார்க்கவில்லை. இருநூறு பிள்ளைகளும் பதினான்கு ஆசிரியர்களும் முன்னுரையின் வாயைப் பார்த்தார்கள். அவர் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார். தொண்டையில் ஏதோ ஏறி இறங்கியது. கை தானாக எழுந்து ஒரு கருத்தை வலியுறுத்திவிட்டுத் தானாகவே இறங்கியது. நெற்றி வேர்த்தது. ஒரு நிமிடம் கடந்தபோது வாய் திறந்தது. 'அ' என்று ஓர் எழுத்து வெளியே தலைகாட்டி, உடனே உள்ளே இழுக்கப்பட்டது. கணக்கு சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடமும் முடிந்தபோது கை தட்டியவர் அவர்தான் முதலில். யாருக்காகத் தட்டினார் என்று யாரும் கேட்கவில்லை.

திரையில் ஏழு சக்கரம் வைத்த மஞ்சள் பேருந்து ஒன்று பளிச்சென்று நின்றது. நடுவே மட்டும் மயிரிழை போல் ஒரு கீறல்.

அதிகாரி கோப்பைத் திறந்து, 'பயன்பாட்டில் இல்லாத' என்ற சொற்களை நிதானமாக அடித்தார். பயனை நேரிலேயே பார்த்தாகிவிட்டது, அறை டீச்சரிடமே இருக்கட்டும் என்றார். காருக்குப் போகும் வழியில் டீச்சரை ஓரமாக அழைத்து, இது எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு வரும் என்று ஒரு பட்டியல் எழுதித் தரச் சொன்னார். இனி இந்தப் பள்ளிக்கு வருவதை அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்வாராம்.

முன்னுரை இடிந்துபோய்விடுவார் என்று நினைத்தவர்கள் அவரை அறியாதவர்கள். கீறல் விழுந்த பூனைக்குச் சட்டம் போட்டு, தம் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டிவிட்டார். விண்வெளிப் படத்தில் இடம்பெற்ற முதல் வரவேற்புரை என்று வருகிறவர்களிடம் சொல்கிறார்; அதைச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது.

டீச்சர் முதல் வேலையாகப் புது டேப் இரண்டு வாங்கிக் கணவர் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர், இதில் எதுவும் ஆன்டெனா ஆகாது என்று சத்தியம் வாங்கிய பிறகே வேலைக்குப் போனார்.

காற்றைப் பிடிக்கிற வகுப்பு என்று இப்போது ஆசிரியர் அறையில் யாரும் சொல்வதில்லை. சுவரில் செயற்கைக்கோள் நேரப்பட்டியல் ஒட்டியிருக்கிறது. ஆசிரியர் கூட்டம் எதுவும் அதைப் பார்க்காமல் வைக்கப்படுவதில்லை. போன வாரம் கணக்கு சார் படியேறி அந்த அறைக்கே வந்துவிட்டார். ரேடியோவைப் பணிவோடு சுற்றிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பத்து நிமிஷத்துல போயிடுதே டீச்சர். இதைவிட மெதுவா போறது ஏதாவது இருக்கா?"