ஐம்பத்து நான்கு மீட்டர்

ஜவுளி மூட்டையை இரண்டு பேர் தூக்கிப் படியேறும்போது பின்னால் பிடிப்பவனுக்குப் பாதை தெரியாது. முன்னால் போகிறவன் "படி", "வளைவு", "குனி" என்று குரல் கொடுப்பான். அந்தச் சொல்லை நம்பித்தான் பின்னவன் காலை வைக்க வேண்டும். தி.நகர் ஜவுளிக் கடையொன்றின் கிடங்கில் வருஷக்கணக்காகப் பிரபு முன்னால், கனகராஜ் பின்னால்.

பத்தாவது எழுதலாம் என்று கிளப்பியதும் பிரபுதான். பாஸானால் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை, உட்கார்ந்த இடத்தில். கனகராஜுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. மூட்டையிலிருந்து தப்ப வேறு வழியில்லை. மயிலாப்பூரில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து, லஸ் முனையில் பழைய அறிவியல் புத்தகம் ஒன்றை வாங்கினார்கள். பின்பக்கத்து விடைகளைப் பிரபுவே கிழித்தெடுத்தான்.

"இத்த வெச்சிக்கினு படிச்சா மண்ட வேலை செய்யாது மச்சி. ஆத்துல வுட்டுர்றேன்."

சைதாப்பேட்டைப் பாலத்திலிருந்து போட்டுவிட்டதாக மறுநாள் சொன்னான்.

அதற்கப்புறம் வீட்டுக்கணக்கில் பிரபுவுக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. கனகராஜ் மல்லுக்கட்டிப் போட்டும் பாதி தப்பு. "உனுக்கு ஏறாது நைனா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று தோளில் தட்டினான் பிரபு. பரீட்சைக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. கொடுப்பதில்லை என்ற முடிவோடுதான் கனகராஜ் அன்று வகுப்புக்குப் போனான்.

வைதேகி டீச்சர் இருவர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாடியிலிருந்து விட்ட கல் மூன்று நொடியில் தரையைத் தொடுகிறது, மாடியின் உயரம் என்ன என்பது கணக்கு. இருவரும் 54 மீட்டர் என்று எழுதியிருந்தார்கள்.

"பாதி, இன்ட்டு பத்து, இன்ட்டு ஒம்பது. நாப்பத்தஞ்சுதானே வரும்? புத்தகத்துலதான் அம்பத்திநாலுன்னு தப்பா அச்சாயிருக்கு. ரெண்டு பேரும் பின்னாடி பாத்து எழுதினீங்களா?"

"பின்பக்கமே இல்ல டீச்சர். ஆத்துல போட்டாச்சு" என்றான் கனகராஜ்.

டீச்சர் கனகராஜின் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தார். அழித்த இடத்தில் 45 மங்கலாகத் தெரிந்தது.

"சரியாத்தானே போட்டிருக்கீங்க. ஏன் அழிச்சீங்க?"

தன்மேல் நம்பிக்கை போய், வகுப்பு வாசலில் பிரபுவின் தாளைப் பார்த்து மாற்றியிருந்தான். அதை எப்படிச் சொல்வது? பிரபுவை வெளியே கூட்டிப்போனான்.

"கிழிச்ச பக்கம் உன் வூட்லதான கீது?"

பிரபு செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "கெடங்கு வேலைக்குக் கீறது ஒரே எடம் மச்சி. ரெண்டு பேரு பாஸானா இன்னா பண்றது?"

"பாத்து எழுதுனத வுடு. நீயும் என்னாட்டம் திணர்றன்னு தெரிஞ்சிருந்தா தெம்பா இருந்திருப்பேன்டா. நான் மக்குன்னு என்னையே நம்ப வெச்சிட்டியே."

உள்ளே போய்ப் பெயர் கொடுத்தான்.

மறுநாள் காலை கிடங்கில் பிரபு வழக்கம்போல் மூட்டையின் முன்பக்கம் குனிந்தான்.

"தள்ளு. நான் முன்னாடி புடிக்கிறேன்."

"உனுக்குப் பழக்கமில்லியே மச்சி."

"பின்னாடி போய்ப் புடி."

படியேறினார்கள். "படி, படி" என்று சொல்லிக்கொண்டே போன கனகராஜ், வளைவு வந்ததும் நின்றுவிட்டான். பின்னால் பிரபுவின் கால் இடம் தெரியாமல் துழாவியது.

"டேய், சொல்லுடா!"

கீழே இழுக்கும் பாரத்தைக் கனகராஜ் முதுகோடு இழுத்துப் பிடித்தான்.

"வளைவு" என்றான்.