ஜோடி போன கருங்குருவி

மெஹ்ரீனின் தம்பி ஷாநவாஸ் கப்பல்காரன். தொண்ணூற்றாறில் கேமரூன் பக்கம் போய்த் திரும்பியவன், கையில் ஒரு கூண்டோடு, பர்மாவில் பபேடான் பேட்டையிலிருந்த அக்காள் வீட்டு மாடியேறி வந்தான். உள்ளே ஒரு ஜோடிக் கருங்குருவிகள். அலகு முதல் நகம் வரை அட்டக் கறுப்பு. அங்கே மலைக்காட்டுப் பனிமூட்டத்துக்குள் வாழ்பவையாம். ஆண் சீழ்க்கையடித்து முடிக்கும் முன்பே பெட்டை அதை வாங்கிக்கொள்ளும். கேட்பவர்களுக்கு ஒரே தொண்டை என்றுதான் தோன்றும்.

மெஹ்ரீனின் கணவன் இனாயத்துல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் துணிக்கடைக்கு வரும் பெரிய மனிதர்களையெல்லாம் பாட்டுக் கேட்க அழைத்தான். பச்சை இறைச்சி நறுக்கிப் போடுவதும் எச்சம் கழுவுவதும் மெஹ்ரீன் பாடு.

மழைக்காலத்தில் ஒரு காலை, பெட்டை விறைத்துக் கிடந்தது. மாலையில் மரவியாபாரி ஊ தெய்ன் வருவதாக இருந்தது. புதைக்க எடுத்தவளை இனாயத்துல்லா தடுத்தான். கம்பியால் அதன் கால்களைக் குச்சியில் கட்டினான். கழுத்து சாயாமல் முட்டுக்கொடுத்து, சிறகில் அத்தர் தடவினான். துணை பக்கத்தில் இருந்தால்தான் ஆண் பாடும் என்றான்.

பாடத்தான் செய்தது. பாதியில் நிறுத்தி, பிணத்தின் பக்கம் தலையைச் சாய்த்துக் காத்திருந்துவிட்டு மறுபடி தொடங்கியது. ஊ தெய்ன் சொக்கிப்போனார். மறுநாள் மனைவியையும் கூட்டிவருகிறேன் என்றார்.

மறுநாள் அத்தரை மீறி வாடை அடித்தது. பெட்டையின் கண்குழியில் எறும்பு மொய்த்தது. ஆண் அதன் இறகுகளைக் கோதிக்கொண்டிருந்தது. மத்தியானம் புதிதாக அத்தர் தடவிய கையாலேயே கணவன் சோற்றைப் பிசைந்தபோது மெஹ்ரீன் அந்தக் கையையே பார்த்தாள்.

மாலையில் விருந்தினர்கள் தேநீர்க் கோப்பையை எடுத்த நேரம், அவள் கூண்டைத் திறந்து கம்பியை அவிழ்த்தாள். செத்ததைக் கணவன் முன்னாலிருந்த தட்டில் வைத்தாள். அது நேற்றே செத்துவிட்டது என்று பர்மியில் எல்லோருக்கும் சொன்னாள். ஊ தெய்னின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கினாள். அவரும் பின்னாலேயே போனார்.

“மானத்த வாங்கிட்டியே,” என்றான் இனாயத்துல்லா.

“பொணத்துக்கு அத்தர் பூசின கையி. அந்தக் கையால இனி என்னத் தொடாதீங்க.”

ஆண்குருவி அதன்பின் பாடவில்லை, தின்னவும் இல்லை. வெள்ளிக்கிழமை அதுவும் செத்தது.

அடுத்த முறை ஷாநவாஸ் வந்தபோது, இன்னொரு ஜோடி கிடைக்குமா மாப்பிள்ளை என்று சோற்றை மென்றபடியே கேட்டான் இனாயத்துல்லா. கிடைக்காது மச்சான் என்று ஷாநவாஸ் பொய் சொன்னான். மெஹ்ரீன் பாதி சாப்பிட்ட தட்டோடு எழுந்து அடுக்களைக்குப் போனாள்.