படகுக்குச் சூட்டிய பூ

"இறக்காதண்ணா! வண்டியிலயே இருக்கட்டும்!" என்று கரையிலிருந்தே கத்தினாள் ஷாலினி.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த வீரமணி தங்கையை முறைத்தான். "இன்னா இப்போ? படகுதான எடுத்தாந்தேன், பாம்பா எடுத்தாந்தேன்?"

கரியாலூர் குளத்தில் படகு விடும் குத்தகை ஷாலினியுடையது. வீரமணியும் ரிஷிவந்தியம் பக்கம் ஓர் ஏரியில் இதே தொழில் செய்தவன்தான். அந்த ஏரியை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. மிதித்தால் படகு நகரவில்லை. பெடலில் வேர்தான் சுற்றியது. மிஞ்சிய ஒற்றைப் படகை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு, தங்கையோடு சேர்ந்து பிழைக்கலாம் என்று மலையேறி வந்திருந்தான்.

"அந்தச் செடி ஒரு துண்டு இதுல ஒட்டிக்கினு வந்தா போதும். இந்தக் குளமும் போச்சுன்னா நாம எந்த மலைக்கு ஏறறது?"

வீரமணி அவிழ்த்த கயிற்றை மறுபடியும் இறுக்கினான்.

குளத்துக்கு எட்டாத மேட்டில் வைத்துப் படகைக் கழுவினார்கள். பெடல் இடுக்கில் சிக்கியிருந்த வேரைக் குச்சியால் நோண்டி எடுத்து, உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றித் தேய்த்தார்கள்.

"தீபாவளிக்குக்கூட எனக்கு யாரும் இப்படித் தேச்சி உட்டதில்ல" என்றான் வீரமணி.

ஒரு வாரம் வெயிலில் காய்ந்தபின் வெள்ளிக்கிழமை படகை இறக்கலாம் என்று முடிவாயிற்று. பூசைச் சாமான் வாங்கப் பழைய ஊருக்குப் போயிருந்த அவன் மனைவி தங்கமணி, அன்று காலை பஸ்ஸில் ஒரு பக்கெட்டோடு வந்து இறங்கினாள்.

ஷாலினி தட்டில் கற்பூரத்தை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். படகின் மூக்கில் கொத்துக் கொத்தாக ஊதாப்பூ. இதழில் மயில்கண். குண்டுத் தண்டு. அடியில் வேர். அதே ஆகாயத்தாமரை. பூசை முடிந்ததும் படகுக்குச் சூட்டிய பூவைத் தண்ணீரில் விடுவது அவர்கள் ஏரி வழக்கம்.

பாய்ந்து போய்ப் பிடுங்கினாள்.

"சாமி பூவைப் புடுங்கறியே, நல்லாருக்கா?" என்றாள் தங்கமணி.

வீரமணி தலையில் அடித்துக்கொண்டான். "அடியே! நான் தேச்சித் தேச்சித் தொரத்துனதை நீ பஸ்ல டிக்கெட் எடுத்துக் கூட்டியாந்திருக்கியா?"

"ஏரி முழுக்கப் பூத்துக் கெடந்துது. பாக்க அழகா இருந்துது..."

"அந்தப் பக்கெட் தண்ணி எங்க அண்ணி?" ஷாலினி சுற்றுமுற்றும் தேடினாள்.

"அதோ. வாடாம இருக்கணும்னு வச்சிக்கினேன், இன்னும் ஊத்தல."

ஷாலினிக்கு மூச்சு வந்தது. பக்கெட்டை மேட்டுக்குத் தூக்கிப் போய், வெந்நீர் அடுப்புச் சாம்பலில் கவிழ்த்தாள். காய்ந்ததும் அடுப்பில் எரித்துவிடலாம் என்று செடியைப் பாறைமேல் போட்டாள்.

"சாமி பூவாச்சே, அடுப்புல போடலாமா?"

"இன்னும் கற்பூரமே ஏத்தல அண்ணி. சாமி பாக்கல."

தங்கமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரையில் பூத்துத் தொங்கிய சரக்கொன்றையை ஒடித்து வந்து அவளே படகுக்குக் கட்டினாள். படகு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

மறுவாரம் ஒரு காரின் தலையில் ரப்பர் படகோடு இரண்டு பேர் வந்தார்கள். ஷாலினி எழுவதற்குள் அடுப்படியிலிருந்து குரல் பறந்தது.

"இறக்காதீங்க! இதுக்கு முன்னாடி எந்த ஏரியில உட்டீங்க? பூ கீ இன்னாவது எடுத்தாந்தீங்களா?"

கேட்டுக்கொண்டே தங்கமணி, காய்ந்த ஆகாயத்தாமரையை வெந்நீர் அடுப்பில் தள்ளினாள்.