மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கேள்வி

செயலாளர் மேடம் மைக்கை அப்பாவின் வாயருகே நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். ஹாலே காத்திருந்தது.

மேடையில் பேசி முடித்திருந்த இளைஞனின் கையிலிருந்த பாயின்டர் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளியை நடுங்கவிட்டுக்கொண்டிருந்தது. நியாயமான நடுக்கம்தான். யார் பேசினாலும் முதல் கேள்வி மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலியிலிருந்துதான் வரும் என்பது இந்தக் கோடைக் கருத்தரங்கின் எழுதாத சட்டம். பேச்சு தொடங்கியதும் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். தலை மார்பில் சாயும். புதிதாக வந்தவர்கள் கிழவர் தூங்கிவிட்டார் என்று நம்பி, கொஞ்சம் தைரியமாகவே அளப்பார்கள். கடைசி ஸ்லைடில் 'நன்றி' வந்ததும் கண் திறக்கும். இரண்டு இருமல். பிறகு கேள்வி. அப்படிக் கேட்கப்பட்ட ஒருவர் ஆராய்ச்சியையே விட்டுவிட்டு மனை விற்கப் போய், இப்போது சௌகரியமாக இருக்கிறார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மகன் அந்த இரண்டு இருமல்களுக்காகக் காத்திருந்தான்.

ஸ்பீக்கரில் ஏசியின் உறுமல் மட்டும் வந்தது.

"சாருக்கே கேள்வி இல்லைன்னா இது பெரிய சாதனைதான்" என்றார் அமர்வின் தலைவர். ஹால் சிரித்தது. மேடையில் இருந்தவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

செயலாளர் மேடம் சிரிக்கவில்லை. பாத்திரம் சுடுகிறதா என்று பார்ப்பவர் போல அப்பாவின் புறங்கையை விரல் நுனியால் தொட்டார். மைக்கை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை. "ஐயோ, சில்லுன்னு இருக்கே" என்று அவர் தனக்குள் சொன்னது நான்கு மூலைகளிலிருந்தும் கேட்டது.

"யாராவது டாக்டர் இருக்கீங்களா?" என்று தலைவர் கத்தினார். ஹாலில் எல்லாரும் டாக்டர்தான். பேட்ஜிலேயே போட்டிருந்தது. கண்ணாடி எப்படி உடைகிறது, சுவர் ஏன் பிளக்கிறது, காய்ந்த சேறு எந்தக் கணக்கில் வெடிக்கிறது என்று ஆளுக்கொரு விரிசலை வைத்துப் பட்டம் வாங்கியவர்கள். கடைசியில் எலும்பு முறிவு பற்றி ஆராயும் ஒருவர் எழுந்து ஓடினார். மனித உடம்புக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வந்த ஆராய்ச்சி அவருடையதுதான். அவர் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு ஹாலில் மகன் எங்கே என்று தேடினார்.

அப்பாவைத் தூக்கும்போது அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் நாற்காலி முதுகிலேயே தங்கிவிட்டது. தினம் காலையில் முதல் ஆளாக வந்து அதைப் போட்டுத்தான் அவர் இடம் பிடிப்பார்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. முடிவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. "தூக்கத்துலயே போன மாதிரிதான். வலி தெரிஞ்சிருக்காது" என்றார் பணியில் இருந்த மருத்துவர். "தூங்கலை டாக்டர், கேட்டுக்கிட்டு இருந்தாரு" என்றான் மகன். மருத்துவர் அதற்குத் தலையாட்டினார். இந்த மாதிரிச் சமயத்தில் எதற்கும் தலையாட்டுவது அவர் வழக்கமாக இருக்கலாம். உடலை அம்மா வந்ததும் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள்.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையில் கடிகாரத்தையும், மூக்குக்கண்ணாடியையும், கழுத்தில் கிடந்த பேட்ஜையும் போட்டுக் கொடுத்தாள். சட்டைப்பையில் இருமல் மிட்டாய் இரண்டு இருந்தது. காகிதம் எதுவும் இல்லை. இருக்காது என்று அவனுக்குத் தெரியும். கேள்வியை எழுதி வைத்துக் கேட்பவனைப் பார்த்தால் அப்பாவுக்கு இளக்காரம்.

அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். குனிந்து அப்பாவின் காதருகே, "என்னப்பா கேள்வி?" என்றான்.

மூடிய கண். சற்றே சாய்ந்த தலை. அந்த முகத்தை அவன் ஆயிரம் பேச்சுகளில் பார்த்திருக்கிறான். இன்னும் 'நன்றி' வரவில்லை, அவ்வளவுதான் என்பது போல இருந்தது.

"ஏதாவது கேட்டீங்களா?" என்றாள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து நர்ஸ்.

"இல்லங்க."

நேற்று சாயங்காலம், விடுதிப் படிக்கட்டில். கோடை விடுமுறையில் மாணவர்கள் காலி செய்துபோன விடுதி அது. அறுபது தாண்டிய பேராசிரியர்கள் தோளில் துண்டோடு குளியலறை வாசலில் வரிசை கட்டி நின்று, உள்ளே இருப்பவரின் ஆராய்ச்சியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா காகிதக் கோப்பையில் டீயை உறிஞ்சினார். மகன் தன் ஸ்லைடுகளை ஒரு வாரம் முன்பே அவருக்கு அனுப்பியிருந்தான். பதில் வரவில்லை. நேரில் கேட்கவும் தைரியம் வரவில்லை. அப்பாவே ஆரம்பித்தார்.

"ஒன்பதாவது ஸ்லைடு."

"என்னப்பா?"

"அதுல ஒரு கேள்வி இருக்கு."

ஒன்பதாவது ஸ்லைடுதான் அவனுடைய மொத்த ஆராய்ச்சியும். ஒரு மெல்லிய தகட்டைப் பிடித்து இழுத்தால் விரிசல் விடும். விட்டால் கடைசிவரை ஓடும். ஊரறிந்த விஷயம். அவனுடைய தகட்டில் விரிசல் பாதி வழியில் தானாகவே நின்றுவிட்டது. அவன் துள்ளிக் குதித்தான், படத்தைச் சேமித்தான், கேமராவை அணைத்துவிட்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போனான். திரும்பி வந்தபோது துப்புரவு செய்ய வந்தவர் மேஜையைப் பளிச்சென்று துடைத்து, தகட்டைக் குப்பையில் போட்டிருந்தார். படம் இருந்ததே, போதாதா?

"கேள்வி இருக்குன்னா? தப்புன்னு சொல்றீங்களா?"

"கேள்வி இருக்குன்னு சொல்றேன்."

"இப்பவே சொல்லிடுங்கப்பா. ராத்திரி தூக்கம் வராது."

"இங்க கேட்டா அது குடும்பச் சண்டை. ஹால்ல கேட்டாத்தான் கேள்வி." கோப்பையின் அடியில் தங்கிய சர்க்கரையை விரலால் வழித்துக்கொண்டே சொன்னார்: "அங்க உன்னை 'நீங்க'ன்னுதான் சொல்லுவேன். இப்பவே பழகிக்கோ. அப்பறம் மேடையில நின்னு 'என்னப்பா'ன்னு கேட்டு மானத்தை வாங்காதே."

அவன் கோபத்தில் எழுந்து போய்விட்டான். இரவு அறைக்கு வந்தபோது அப்பா படுத்திருந்தார். காலையில் இவன் எழுவதற்குள் ஸ்வெட்டரோடு போய்விட்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அக்காவுக்கு மறுபடி போன் செய்தான். அம்மாவும் அவளும் காரில் வந்துகொண்டிருந்தார்கள். அம்மா போனை வாங்கினாள்.

"காலைல என்னடா சாப்பிட்டாரு?"

"ரொட்டிம்மா. முட்டையும் சாப்பிட்டாராம்."

"முட்டையா? வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தானே அனுப்பினேன்." கார் ஜன்னலை ஏற்றும் சத்தம் வந்தது. "நீ பேசிட்டியா?"

"மத்தியானம்தான்மா இருந்துச்சு. இனிமே எங்க?"

"எதுக்கு அவரு மாத்திரை மூட்டையைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் வந்தாரு? ஒரு வாரமா ஷேவ் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்து ஏதோ கேட்டுக்கிட்டே இருந்தாரு. 'நீங்க, நீங்க'ன்னு ஒரே மரியாதை. என்னை ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டது கிடையாது."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "என்ன கேட்டாரும்மா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"குழாயை மூடாமலே கேட்டாருடா. எனக்குத் தண்ணிச் சத்தம்தான் கேட்டுச்சு."

அவன் ஆட்டோ பிடித்துக் கருத்தரங்குக்கே திரும்பினான்.

ஹாலில் மௌன அஞ்சலி நடந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நிற்பது என்று யாருக்கும் நிச்சயமில்லாததால் பேச்சாளர்களுக்கு நேரம் காட்டும் விளக்கையே போட்டுவிட்டிருந்தார்கள். பச்சை எரிந்தது. மஞ்சள் வந்தது. சிவப்பு வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். ஸ்வெட்டர் போட்ட நாற்காலிக்கு இரண்டு பக்கமும் யாரும் உட்காரவில்லை. அதை எடுக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. தோள்பட்டைகள் நாற்காலியின் வடிவத்துக்கு விறைத்து நின்றதில், பின்னாலிருந்து பார்க்க, தலையை நன்றாகச் சாய்த்து யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போலவே இருந்தது. அவன் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

டீ மேஜையருகே கண்ணாடிக்காரர் இருந்தார். நாற்பது வருஷமாகக் கண்ணாடியை உடைத்து ஆராய்பவர். அப்பாவோடு ஒரே வகுப்பு. அவனைப் பார்த்ததும் கட்டிக்கொண்டார்.

"மாமா, நேத்து அப்பா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

கண்ணாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அவன் ஒரு மலைடா. விஞ்ஞானத்துக்கே மனசாட்சி மாதிரி..."

"அதில்ல மாமா. என்னோட ஒன்பதாவது ஸ்லைடு பத்தி."

பாதியில் நின்ற இரங்கலுரையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் விழித்தார். பிறகு சாதாரணக் குரலுக்கு இறங்கினார். "முன்கூட்டியெல்லாம் சொல்ல மாட்டான்டா. எங்கிட்டயே சொன்னதில்லை. நான் ரிட்டையர் ஆன அன்னிக்கு, மாலை போட்டு உட்கார வச்சிருக்காங்க, கூட்டத்துலேர்ந்து எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டான் பாரு."

"பதில் சொன்னீங்களா?"

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

இன்னும் சிலரிடம் கேட்டான். ஒருவர் சகாப்தம் என்றார். ஒருவர் ஆலமரம் என்றார். காலையில் மேடையில் நின்ற இளைஞன் மட்டும் அருகில் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

நிகழ்ச்சிப் பலகையில் அவன் பெயர் மேல் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது: 'தேநீர் இடைவேளை - நீட்டிப்பு'.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, உங்க நேரத்தை டீக்கு மாத்திட்டோம்" என்றார் செயலாளர் மேடம்.

"நான் பேசுறேன் மேடம்."

"ஐயோ, வேணாம்ப்பா. பிஸ்கட்டெல்லாம் எடுத்து வச்சாச்சு." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் வெகுநேரம் துடைத்தார். அப்புறம் பலகையிலிருந்த தாளைத் தானே கிழித்தார்.

அவன் பேசினான். நன்றாகப் பேசினான் என்றுதான் பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். அன்று எப்படிப் பேசியிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மூன்றாவது வரிசையை மட்டும் தவிர்த்து ஹால் முழுவதையும் பார்த்தான். ஒன்பதாவது ஸ்லைடு வந்தது. திரை நிறைய ஒற்றைக் கறுப்புக் கோடு, பாதி வழியில் நின்ற கோடு. "இங்கே விரிசல் நின்றுவிடுகிறது" என்றான். அந்த நிமிஷம் இருமல் கேட்டது. ஒன்று. இன்னொன்று. லேசர் புள்ளி கோட்டை விட்டு எங்கோ ஓடியது. பார்த்தான். ஐந்தாவது வரிசையில் ஜலதோஷம் பிடித்த ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற கண்களோடு இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'நன்றி' வந்தது. கைதட்டல் வந்தது, வழக்கத்தைவிட நீளமாக.

"கேள்விகள்..." என்று ஆரம்பித்த தலைவர் அதை முடிக்கவில்லை.

ஒரு கையும் எழவில்லை. எழாது. காலையில் அப்பாவைப் பறிகொடுத்தவனிடம் எவன் கேள்வி கேட்பான்? உலகம் தட்டை என்று நிரூபித்திருந்தாலும் இன்று கைதட்டல்தான். முன்வரிசையில் எல்லாரும் கனிவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஹால் கலைந்தால் அவ்வளவுதான். அப்புறம் யாரும் கேட்கப் போவதில்லை.

செயலாளர் மேடம் பழக்கதோஷத்தில் மைக்கோடு நடந்து, மூன்றாவது வரிசை ஓரத்தில் வந்து நின்றார். மைக்கை நீட்டியும்விட்டார். ஸ்வெட்டரைப் பார்த்த பிறகுதான் கை நடுவில் நின்றது. மடக்கவும் தெரியவில்லை, அப்படியே வைத்திருக்கவும் தெரியவில்லை. ஸ்பீக்கரில் ஏசி உறுமியது.

மகன் ஒன்பதாவது ஸ்லைடைத் திரும்பத் திரையில் போட்டான். மேடையை விட்டு இறங்கினான். ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் எண்ணம். எடுத்தான். தைல வாசனை வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

அங்கிருந்து பார்த்தால் திரை கொஞ்சம் சாய்வாகத் தெரிந்தது. விரிசலின் முனை தெரிந்தது. முனைக்கு அப்பால் விரிசல் படாத தகடு, பாதித் திரைக்கு வெறுமையாக. படத்தின் மூலையில் கேமரா தானாகப் பதித்த நேரம். அதைப் பொடி எழுத்து என்று அவன் இதுவரை பொருட்படுத்தியதே இல்லை. அதற்குப் பிறகு கேமரா இல்லை. கேன்டீன்தான். சிரிப்புச் சத்தம். துடைத்து வைத்த மேஜை.

அவன் வெகுநேரம் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செயலாளர் மேடம் இன்னும் மைக்கை நீட்டிக்கொண்டுதான் இருந்தார். அதை வாங்கிக்கொண்டான். இருமினான். சரியாகவில்லை. இன்னொரு முறை இருமினான். முன்வரிசையில் கண்ணாடிக்காரர் சடாரென்று திரும்பிப் பார்த்தார்.

"விரிசல் நின்னுடுச்சுன்னு சொல்றீங்க" என்றான் மைக்கில். "நின்ன பிறகு நீங்க எவ்வளவு நேரம் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

ஹாலில் எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். அங்கே மூடி திறந்த தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. மஞ்சள் விளக்கு அணைந்து சிவப்பு வந்தது. நேரம் முடிந்ததற்கான மணியைத் தலைவர் அடிக்கவில்லை.