ஒரே அச்சில் இரண்டு அக்காக்கள்

1

இந்தக் கதையை நானாக எழுதத் தொடங்கவில்லை. பெரியக்கா இறந்த வாரம், அவள் துணிகளை மடித்துக்கொண்டே சின்னக்கா கேட்டாள்: "யார் யாரப் பத்தியோ எழுதுற. அவளப் பத்தி எழுதேண்டா. அழுது வடியாம எழுது."

முதல் வரி: கடவுள் ஒரே அச்சில் இரண்டு பெண்களை வார்த்து, ஒருத்தியின் காலில் மட்டும்

(அடித்துவிட்டேன். "கடவுள் எந்த லேப்ல வேலை பாக்குறார்?" என்பாள் சின்னக்கா.)

2

நேராகவே சொல்கிறேன். என் அக்காக்கள் இரட்டையர்; பெற்ற அம்மாவே பேர் மாற்றிக் கூப்பிடுவாள். மூத்தவள் நீச்சல் கற்றுக்கொடுத்தாள். இளையவள் ஆராய்ச்சிக்கூடத்தில் தோல் புற்றுநோயின் மரபணுக்களைப் படிக்கிறவள்.

மூத்தவளின் உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி வந்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பழகியவள். ஏதோ குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டாள். இதையே படிக்கிற தங்கை இதைக் கவனிக்காமல்

(இந்த வாக்கியம் வேண்டாம். யார்தான் அடுத்தவர் உள்ளங்காலைப் பார்க்கிறார்கள்?)

தொடையிடுக்கில் நெறிகட்டிய பிறகுதான் டாக்டரிடம் போனாள். அதற்குள் பரவியிருந்தது.

3

ஆஸ்பத்திரியில் நானும் இருந்தேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ஜீன்தானே? எனக்கு மட்டும் ஏண்டி?"

"ஜீன் அப்படியேதான் இருக்கு. செல் கண்டபடி பெருகாம தடுக்குற ஜீன் ஒண்ணு. அது மேல ரசாயனம் ஒட்டி மூடிக்கிச்சு. இருக்கு, வேலை செய்யல."

"நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல."

"பின்ன எதனால?"

"தெரியலடி."

"இத்தன வருஷம் படிச்சு, தெரியலங்கிற."

"ஆமா."

பெரியக்கா தங்கையின் கையைப் பிடித்தாள். "நல்லவேள, உனக்கு வரல."

இங்கேதான் இந்தப் பகுதியை முடித்திருந்தேன். சின்னக்கா படித்துவிட்டு, பேனா கேட்டு வாங்கி, மீதியை எழுதினாள்: சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆனா உன்னப் பாத்தா வயிறு எரியுதுடி" என்றாள்.

"அத ஏன் விட்ட? அது இல்லன்னா அவளே இல்லடா."

4

பெரியக்காவின் கட்டியோடு ஒப்பிட, சின்னக்கா தன் உள்ளங்காலிலிருந்து ஒரு துணுக்குத் தோல் கொடுத்திருந்தாள். அக்கா போன பிறகு முடிவு வந்தது. அதே மரபணு இவளுக்கும் லேசாக மூடிக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது.

"இது புத்துநோய் இல்ல. வராமலே போகலாம். பாத்துக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர்.

ஒரு முடிவு எழுதினேன்: தலை நரைத்த சின்னக்கா, பேரப்பிள்ளைகள், சிரிப்பு. படித்துவிட்டுக் கேட்டாள், "நீ எழுத்தாளனா, ஜோசியனா?"

இன்னொரு முடிவு: அதே வார்டில்

(மாட்டேன்.)

5

இன்று காலை வந்தாள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"எனக்குக் குனிஞ்சு பாக்க வரல. நீ பாத்துச் சொல்லு."

அவள் காலை நான் இதுவரை தொட்டதில்லை. சில்லென்று இருந்தது. குதிகாலை ஒட்டி, கறுப்பாக ஏதோ. செருப்புச் சாயமாக இருக்கலாம். அழுக்காக இருக்கலாம்.

"என்னடா, சத்தத்தையே காணோம்?"

விரலை நனைத்துத் துடைத்தால் தெரிந்துவிடும். எனக்குக் கை போகவில்லை. நீங்கள் துடைத்துப் பாருங்கள்.