ஒன்பது மணி நேரத்துக்கு மூச்சு

பெய்மான் விமானத்தில் போகப் போகிறாள் என்ற செய்தி பரவியதும் தெருவே அவள் வீட்டுக்கு வந்து புத்தி சொல்லிவிட்டுப் போனது. ஈராக்கின் குர்து ஊரான ஹலப்ஜாவில் எதுவும் ஒரு நாளுக்கு மேல் ரகசியமாக இருக்காது.

"நாலு படி ஏறினா நின்னு மூச்சு வாங்குற. உனக்கு எதுக்குடி வானத்துல போற வேலை?" என்றாள் எதிர்வீட்டு ருனாக்.

"படியில நான்தான் ஏறணும். விமானம் தானா ஏறும்" என்றாள் பெய்மான்.

அவளுக்குப் பதினாலு வயதிருந்தபோது ஊர்மேல் விஷவாயுக் குண்டு போட்டார்கள். ஆப்பிள் வாடையோடு வந்த அந்தப் புகை அவள் நெஞ்சிலும் அக்கா குனாவின் நெஞ்சிலும் புகுந்துகொண்டது. அக்காவைச் சிகிச்சைக்கு வியன்னாவுக்குக் கொண்டுபோனார்கள். அவள் அங்கேயே தங்கிவிட்டாள். பிறகு கோடைதோறும் அவள்தான் ஊருக்கு வந்து போவாள். இரண்டு வருடமாக அவளால் வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை. "நீ கிளம்பிடாதே, வழியிலேயே செத்துடுவ" என்று போனில் சொன்னாள். பெய்மான் அன்றைக்கே டிக்கெட் எடுத்தாள்.

முதல் தடவை தோற்றுத்தான் போனாள். விமான நிலையக் கவுன்ட்டரில் இருந்தவன் அவள் இருமலைக் கேட்டதும் ஏற்ற முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டான். திரும்பும் வழியெல்லாம் அவனைத் திட்டித் தீர்த்தாள். ஆனால் இருபத்தைந்து வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். பறக்க முடியும் என்று நிரூபிக்கத் தன் கையில் ஒரு காகிதம்கூட இல்லையே என்பதுதான் ராத்திரி தூங்கவிடாமல் உறுத்தியது.

அடுத்த வாரமே பக்கத்துப் பெருநகரமான சுலைமானியாவில் நெஞ்சு மருத்துவர் ஆவேஸ்தாவிடம் போனாள். அவர் அவள் முகத்தில் ஒரு முகமூடியை மாட்டி, விமானத்துக்குள் இருப்பதுபோலப் பிராணவாயு குறைந்த காற்றை இருபது நிமிடம் சுவாசிக்க வைத்தார். ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைக் காட்ட விரலில் மாட்டிய கருவியில் எண் தொண்ணூற்று மூன்றிலிருந்து எண்பத்திரண்டுக்கு இறங்கியது.

"சும்மா ஏறினா ஆபத்து. ஆக்சிஜன் மெஷினை மூணுல வச்சுக்கிட்டா போகலாம்" என்றார் டாக்டர். "எண்பத்தெட்டுக்குக் கீழ போனா நாலுல வைங்க, சிப்பந்திகிட்ட சொல்லுங்க. சளி, காய்ச்சல் இருந்தா ஏறவே கூடாது. அன்னைக்கு வீரம் காட்டக் கூடாது டீச்சர்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல தாராளமா காட்டுங்க."

தோளில் மாட்டிக்கொள்ளும் மெஷின் ஒன்று வந்தது. அதன் மாடல் எண்ணை விமான நிறுவனத்துக்கு எழுதி, அனுமதிக் கடிதத்தை வாங்கினாள். பயணம் நாலு மணி நேரம். ஆறு மணி நேரத்துக்கு பேட்டரி வேண்டும் என்பது அவர்கள் விதி. அவள் ஒன்பது மணி நேரத்துக்கு எடுத்துவைத்தாள்.

"மிச்ச மூணு மணி நேரம் யாருக்கு?" என்று கேட்டான் கணவன் ஷேர்கோ.

"அவங்களுக்குத்தான். லேட் பண்ணுவாங்கல்ல."

கவுன்ட்டரில் அதே ஆள்தான் இருந்தான். அவளை அடையாளம் கண்டதும் முகம் சுருங்கியது. "போன தடவையே சொன்னேனே அம்மா. மேல ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"மேல இருந்து எனக்கு ஆக வேண்டியதெல்லாம் பதினாலு வயசுலயே ஆயிடுச்சு தம்பி. காகிதத்தைப் படி."

டாக்டர் சான்றிதழ், நிறுவனம் முத்திரை வைத்த படிவம், மெஷின் கடிதம் எல்லாவற்றையும் பரீட்சைத் தாள் போல வரிசையாக வைத்தாள். அவன் இரண்டு முறை படித்தான். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசியில் போர்டிங் அட்டையை அச்சடித்துக் கொடுத்தான். சக்கர நாற்காலி வந்ததும் அவள் தயங்காமல் உட்கார்ந்தாள். நடந்து காட்டி மூச்சை வீணாக்குவதற்கு அவளுக்கு என்ன பைத்தியமா?

பக்கத்து இருக்கைக்காரர் மூக்குக்குழாயைப் பார்த்ததும் சற்றே விலகினார். "ஒட்டிக்குமா?"

"ஹலப்ஜா நெஞ்சு இது. ஒட்டாது."

அவர் முகம் மாறியது. அவள் மருந்துப் பையைக் கைக்கெட்டும் இடத்துக்கு நகர்த்தி வைத்தார்.

கதவைச் சாத்திய பிறகு புழுதிக் காற்று கிளம்பியது. விமானம் ஓடுபாதை ஓரத்திலேயே நின்றது. ஒரு மணி நேரம் ஆனதும் பணிப்பெண் வந்து குனிந்தாள். "இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம். உங்க பேட்டரி தாங்காது. இறங்கிடுங்க அம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதை நான் எண்ணிக் கொண்டுவந்திருக்கேன். ஒன்பது மணி நேரம். நீங்க ரெண்டு மணி நேரம் தின்னாலும் ஏழு இருக்கு. பறக்குறது நாலு. கழிச்சுப் பாரு."

அந்தப் பெண் பேட்டரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். போய்த் தலைமை விமானியிடம் சொன்னாள். திரும்பி வந்து, "இருக்கச் சொல்லிட்டார்" என்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு.

மேலே போனதும் சோதனை வந்தது. விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் இறங்கியது. தொண்ணூறு. எண்பத்தெட்டு. எண்பத்தாறு. உதடுகள் மரத்தன. ஒரு கணம் எல்லோரும் சொன்னது சரிதானோ என்று தோன்றியது. மெஷினை நாலில் வைத்தாள். பணிப்பெண்ணுக்கு மணி அடித்தாள். உதட்டைக் குவித்து, சூடான தேநீரை ஊதுவதுபோல மெல்ல மெல்ல மூச்சு விட்டாள். பக்கத்து இருக்கைக்காரர் அவள் விரலையே பார்த்துக்கொண்டு, "எண்பத்தேழு... எண்பத்தொன்பது... தொண்ணூத்தொண்ணு, அக்கா!" என்று கத்திவிட்டார். பணிப்பெண் வந்து தண்ணீர் கொடுத்து, அந்த எண் நிலைக்கும்வரை அங்கேயே நின்றாள்.

வியன்னாவில் குனாவ் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவள் மூக்கிலும் குழாய்.

"ரெண்டு மணி நேரம் லேட்டு" என்றாள் குனாவ்.

"நீ ரெண்டு வருஷம் லேட்டு."

இருவரும் சிரித்தார்கள், சிரிப்பு இருமலானது. குனாவின் மருமகன் பயந்துபோய் ஆம்புலன்ஸுக்குப் போன் போடப் போனான். "வை கீழே!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

நாலாவது நாள் குனாவ் மெதுவாகக் கேட்டாள். "அந்த முகமூடி டெஸ்ட்டை எனக்கும் எடுப்பாங்களா?"

எடுத்தார்கள். மெஷினை மாட்டியும் எண் எழுபத்தைந்தில்தான் நின்றது. பறக்கக் கூடாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் குனாவ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். பெய்மான் தேற்றவில்லை. போனை எடுத்து, வருகிற வசந்தத்தில் தான் மறுபடி இங்கே வருவதற்கு டிக்கெட் தேட ஆரம்பித்தாள்.

"செத்துடுவடி" என்றாள் குனாவ், திரும்பாமலே.

"ஜன்னல் சீட்டு இருக்கு" என்றாள் பெய்மான். "தள்ளிப் படு, வெளிச்சம் மறைக்குது."