நெற்றியில் விழுந்த புள்ளி

கோகிலன் படத்தைக் கவிழ்த்து வைத்தான். சவப்பெட்டியின் தலைமாட்டில், குத்துவிளக்கை ஒட்டி, குமுதா அப்போதுதான் நிறுத்திய படம். மொட்டைத் தலையும் தோளில் ஈரத்துண்டுமாக நின்றவன், பெற்ற தாயின் முகத்தைத் தரை பார்க்கப் படுக்கவைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

“இந்தப் படம் வேணாம். வேற வை.”

“வேற படம் இல்லண்ணே,” என்றாள் குமுதா.

இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்று, போலீசுக்குப் பயந்தவள் மாதிரி முழித்துக்கொண்டு, அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. அம்மா சிரித்த படம் இது ஒன்றுதான்.

ஜெலுத்தோங் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். பத்து லஞ்சாங் சுடுகாட்டுக்குப் போகும் வண்டி வந்து நின்றுவிட்டது. வாய்க்கரிசி போட்டாயிற்று. பெட்டியை மூட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து லெட்சுமி அத்தை, அப்பாவின் அக்கா, கவிழ்ந்து கிடந்த படத்தைத் திருப்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“கர்மம், கர்மம். செத்தும் இந்தப் பொட்டோடதான் போவணுமா? என் தம்பி போயி ஒம்பது வருஷமாச்சு. நெருப்பில்லாமலா புகையும்?”

பேசட்டும். அந்த வாய்தான் எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர்களின் கல்யாண விருந்து. பிள்ளைகளெல்லாம் போனை விட்டுவிட்டுப் பழைய டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்களே என்று குமுதாவும் பழைய சாமான் சந்தையில் உள்ளங்கை அகலத்தில் ஒன்றை வாங்கியிருந்தாள். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எடுத்த படம் மணலை வாரி இறைத்த மாதிரிப் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. ஆனால் தூரத்து மேசையில் உட்கார்ந்து, வாயைக்கூட மூடாமல் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றி நடுவில் அழகாக ஒரு சிவப்பு. குமுதா அதைக் கவனிக்காமல் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள்.

அத்தை கவனித்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலி ஆம்பளை யார் என்று கேட்டாள். அவர் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. அவர் பெயர்கூட அம்மாவுக்குத் தெரியாது. விடிவதற்குள் ஜொகூரில் இருந்த கோகிலனுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

“பொட்டு வெச்சீங்களா, வெக்கலியாம்மா? ஒரே வார்த்தைல சொல்லுங்க,” என்று போனில் கத்தினான்.

“சாப்ட்டியாப்பா?” என்றாள் அம்மா.

அவன் போனை வைத்தவன்தான். அப்புறம் எடுக்கவே இல்லை.

மறுநாள் கேமரா கார்டில் இருந்த மற்றப் படங்களைப் பார்த்தபோது குமுதாவுக்கு விஷயம் புரிந்தது. சுவரில் அதே சிவப்பு. கேக்கில் அதே சிவப்பு. ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினாள். “கேமரா கோளாறும்மா. அண்ணனுக்கு அனுப்பட்டா?”

“அனுப்பாத.”

“ஏம்மா?”

“பொட்டு இல்லன்னு தெரிஞ்சாதான் வருவான்னா, அவன் வரவே வேணாம்.” அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு, என்னா?” என்றாள்.

வீறாப்பாகச் சொன்னாளே தவிர, கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நர்ஸ் வந்தாள், டாக்டர் வந்தார், தரை கூட்டுகிறவன் வந்தான். மகன் வரவில்லை. பிணத்துக்குத்தான் வந்தான்.

“பொட்டை அழிச்சிட்டு வெய்யி, இல்லன்னா படமே வேணாம்,” என்றான் கோகிலன். “அதுவரைக்கும் நான் பெட்டியத் தூக்க மாட்டேன்.”

படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்த கடைக்கார பஷீர் ஓரமாக நின்றிருந்தார். நல்ல மனுஷர். நல்லது செய்கிறோம் என்றே முன்னால் வந்தார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அது பொட்டே இல்ல லா.”

“பஷீரண்ணே, நீங்க சும்மா இருங்க,” என்றாள் குமுதா.

“இல்லம்மா, அவருக்குத் தெரியணும்ல? கேமராக்குள்ள சென்சர்ல ஒரு எடம் கெட்டுப்போயிருக்கு அண்ணே. வெளிச்சம் கம்மியா இருந்தா அந்த எடம் மட்டும் செவப்பா வரும். எல்லாப் படத்துலயும் அதே எடம்தான். தங்கச்சி கார்டைக் குடுத்தப்பவே பாத்துட்டேன். அழிச்சித் தரேன்னேன், தொடாதீங்கன்னுட்டாங்க.”

போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். கேக், சுவர், மின்விசிறி, மேசைக்கடியில் ஒரு பூனை. எல்லாவற்றிலும் சிவப்பு. கோகிலன் போனைப் பிடுங்கி, தானே தள்ளித் தள்ளிப் பார்த்தான். அவன் முகம் கோணிக்கொண்டு வந்தது. அப்படியே பெட்டிமேல் சாய்ந்தான்.

“எங்கம்மா வெக்கல! எங்கம்மா தப்புப் பண்ணல! அய்யோ, நான் பாவி!”

“எனக்குத் தெரியும்யா,” என்று அத்தை அவன் முதுகைத் தடவினாள். “என் தம்பி பொண்டாட்டி அப்படிப்பட்டவ இல்லன்னு நான் அன்னிக்கே நெனச்சேன்.”

கூசாமல் சொன்னாள். நாக்கு அழுகாதா என்று இருந்தது குமுதாவுக்கு. அதைவிட அண்ணன் அழுகைதான் தாங்கவில்லை. தப்புப் பண்ணல, தப்புப் பண்ணல என்றே அழுதான். இத்தனை நாள் வரவில்லையே என்று ஒரு வார்த்தை வரவில்லை.

“வெச்சிருந்தா?” என்று கேட்டாள்.

“என்னா?”

“அம்மா நெசமாவே வெச்சிருந்தா, இப்ப அழுதிருப்பீங்களா?”

“அதான் வெக்கலியே. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?”

சடங்கு செய்த பண்டாரத்தின் தட்டில் குங்குமம் இருந்தது. குமுதா ஒரு விரல் நிறைய எடுத்தாள். யாரும் தடுப்பதற்குள் பெட்டிக்குள் குனிந்து, ஜில்லிட்டுக் கிடந்த நெற்றியின் நடுவில் வட்டமாக வைத்தாள். அம்மாவுக்கு எடுப்பாக இருந்தது.

“இப்ப வெச்சிருக்காங்க. தூக்குங்க,” என்றாள்.

“அடிப்பாவி!” என்று அத்தை அலறினாள். பெண்கள் கூட்டம் பின்வாங்கியது.

கோகிலன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை, அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் தங்கையின் தோளை ஆதரவாகத் தொட்டான். “பாவம், துக்கத்துல ஒனக்குப் புத்தி கலங்கிப்போச்சு,” என்றான். தோளிலிருந்த ஈரத்துண்டை எடுத்தான். பிள்ளை வாயில் ஒழுகிய பாலைத் துடைப்பதுபோல் அம்மாவின் நெற்றியை மெல்ல மெல்லத் துடைத்தான். குங்குமம் புருவம் வரை இழுபட்டது. மறுபடியும் துடைத்தான். துடைக்கும்போதெல்லாம், “மன்னிச்சிரும்மா, மன்னிச்சிரும்மா” என்று அழுதான். அத்தை அதன்மேல் திருநீற்றை அள்ளிப் பூசினாள்.

மூடி விழுந்தது. ஆணி இறங்கும்வரை குமுதா பார்த்துக்கொண்டே நின்றாள்.

கோகிலன் அதே துண்டை உதறி மடித்து, நெற்றியையும் கண்ணையும் அழுத்தித் துடைத்துக்கொண்டான். நெற்றியிலிருந்து கன்னம் வரை குங்குமம் சிவப்பாக இழுபட்டது. அவனுக்குத் தெரியவில்லை. எதிரே நின்ற பெண்கள் பார்த்தார்கள். அத்தையும் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

தலைமாட்டுப் பக்கம் அவன்தான் தூக்கினான். வண்டி வரைக்கும் யாரும் சொல்லவில்லை.